மலக்கியிடம் கேட்காமல் போன வழி

அன்புள்ள ஃபிந்தன்,

தொலைபேசி கையில் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று பயந்துவிடாதே, மன்னித்துக்கொள், இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் பெர்த்தின் குளிரில் இருமாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன், அது உண்மையில்லை. உன் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. புது உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது, இந்த வருடம் வெந்ததும் தோல் வெடித்து மாவாக உதிர்கிறது, உன் அப்பா ஒவ்வொன்றின் மேலும் வெண்ணெயைக் குவித்துச் சாப்பிடுகிறார். மருத்துவர் சொன்னதை நினைவுபடுத்தினால், "அவர் தன் வீட்டு வெண்ணெயப் பாத்துக்கட்டும்" என்கிறார். வைக்கோல் நனையாமல் உள்ளே வந்துவிட்டது. ஜூலை கடைசி ஞாயிறு ஃப்ராக்கன் பறிக்க மலையேறும் நடை எப்படி இருந்தது என்று நீ கேட்டாயே, நான் மழை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். மழையே இல்லை, வானம் கழுவிவிட்டது போல இருந்தது. அந்தக் கருநீலப் பழம் செடிக்குச் செடி பழுத்துக் கிடந்ததாம். நாங்கள் யாரும் மலையில் கால் வைக்கவில்லை, காரணம் நான்.

நாற்சந்தியில் மரபு நடைக்காக ஒரு பலகை வைக்கப்போகிறோம், நீதான் எழுத வேண்டும் என்று ஊர்க் குழுவின் செயலாளர் ப்ரீடா வந்து கேட்டாள். நம் குடும்பத்தில் யாரையும் யாரும் எதையும் எழுதச் சொல்லிக் கேட்டதில்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வயதில் வாங்கிய பட்டம் எதற்காவது ஆகட்டும் என்று, பழைய வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பூசைக்குத் தடை இருந்து, பாறையடியில் ஒளிந்து அதைக் கண்ட காலத்திலிருந்து நம் மக்கள் நடந்துவரும் பொதுவழி என்று எழுதினேன். அந்த வழி மலக்கி டூயியின் முற்றத்துக்குள் போய், மாட்டுக்கொட்டிலைத் தாண்டி, பின்வயல் வழியாக மலைக்கு ஏறுகிறது என்பது உனக்கும் தெரியும். பொதுவழி என்ற சொல் நிலம் வைத்திருக்கும் ஒருவர் காதில் எப்படி விழும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனி அது உன்னுடையதில்லை என்றுதான் விழும். நடைக்கு முந்தின சனிக்கிழமை மாலை நம்மில் வீட்டுக்கு ஒருவராகப் போய், நாளைக்கு வரலாமா என்று அவரிடம் கேட்பதும், மழை இல்லேன்னா வாங்க என்று அவர் சொல்லித் தேநீர் ஊற்றுவதும்தானே வழக்கம். இல்லை என்று அவர் ஒருமுறையும் சொன்னதில்லை, கேட்காமல் யாரும் போனதுமில்லை. இந்த வருடம் பலகைதான் இருக்கிறதே, எதற்குக் கேட்பது என்று ப்ரீடா எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். நான் தடுக்கவில்லை. ஃபிந்தன், இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், ஒரு கதவைத் தட்டும் வேலை மிச்சமானதே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிறு எல்லோரும் தூக்குப்பாத்திரமும் பிள்ளைகளுமாகப் போனோம், டப்ளினிலிருந்து புது பூட்ஸ் போட்ட நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். மலக்கியின் இரும்புக் கேட்டில் சங்கிலி. உள்ளே அவர், பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பொதுவழின்னு பலகை சொல்லுது. அப்போ என் முற்றம் எங்க முடியுதுன்னு நீயே சொல்லு, ஊனா. நேத்து சாயங்காலம் பூரா கெட்டிலை அடுப்புலயே வெச்சிருந்தேன். ஒருத்தரும் வரல" என்றார். டப்ளின்காரர் ஒருவர் முன்னால் வந்து, இது மக்களுக்குச் சொந்தமான பாதை, அந்த அம்மா படித்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார் என்று வாதாடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதானே எழுதினீங்க, சொல்லுங்க மேடம்" என்றார். என்னை அதுவரை யாரும் மேடம் என்று அழைத்ததில்லை. தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என் காலிப் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.  மலக்கி "சரி" என்று திரும்பி நடந்தார், வீட்டுக்குள் நுழையும் முன்பே கோட்டைக் கழற்றிவிட்டார். அந்த முதுகை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் எரிகிறது. ஊர்க் கூடத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டு எல்லோரும் கலைந்தோம். "கதவத் தட்டுறதுக்குப் பதிலா பலகை நடத்தான் காலேஜுல சொல்லிக்குடுத்தாங்களா" என்று உன் அப்பா கேட்டார், கேட்டுவிட்டு அவருக்கே மனசு கேட்கவில்லை போலும், என் தட்டிலிருந்த கிழங்கை எடுத்துத் தோல் உரித்து வைத்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நம் மதில் மேல் ஒரு தூக்குப்பாத்திரம் இருந்தது. கம்பிக் கைப்பிடி போட்ட அவருடைய பால்பாத்திரம்தான், சின்ன வயதில் நீ இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடுவாயே, அதேதான். விளிம்பு வரை ஃப்ராக்கன், நடுவில் ஓர் இலைகூட இல்லை. அந்த வலிக்கிற இடுப்பை வைத்துக்கொண்டு அவர் தனியாக மலையேறியிருக்கிறார். மலைக்கு வழி விடுகிற வீட்டுக்கு, பறித்த முதல் பாத்திரத்தை நாங்கள் அல்லவா கொடுக்க வேண்டும். மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், நாய் என்னையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

பலகையை எடுக்கச் சொன்னேன். "ஆளுக்கொண்ணு சொன்னா ஆடுறதுக்கு அது பலகையா காத்தாடியா" என்று ப்ரீடா சண்டைக்கு வந்தாள். கூட்டத்தில் எழுந்து நின்று, வழி மலக்கியுடையது, நாம் அவருடைய விருந்தாளிகள், எழுதியது என் பிழை என்று சொன்னேன். பலகை இறங்கிவிட்டது. ஊர் கூடியிருந்த இடத்தில் சொல்ல முடிந்தது, சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொல்ல முடியவில்லை. பழத்தை ஜாம் காய்ச்சி வைத்திருக்கிறேன். வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பதால் அதற்குள்ளேயே ஜாடிகளை அடுக்கி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. அவர் வீட்டுக்குப் பலமுறை கிளம்பி, வழியில் வெண்முள் மரத்து வளைவு வரை போய்த் திரும்பிவிட்டேன். எங்கே போனாய் என்று அப்பா கேட்டால் ப்ளாக்பெர்ரி பறிக்க என்கிறேன், அது இன்னும் சிவந்துகூட முடியவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

இரவு வேலை முடிந்து களைப்போடு வண்டி ஓட்டாதே. காலுறையை ஈரத்தோடு போடாதே. நான் அனுப்பிய கம்பளிச் சட்டை சரியாக இருக்கிறதா என்று சொல்ல மறந்துவிட்டாய். கடவுளும் மாதாவும் நீ போகும் இடமெல்லாம் உனக்கு முன்னால் நடக்கட்டும்.

ஒன்று கேட்க வேண்டும், முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும், அந்த அவகாசம் எனக்கும் தேவை. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, இங்கே பூசை முடியும் நேரம், உனக்கு இரவுச் சாப்பாட்டு வேளை, என்னைக் கூப்பிடு. அவரிடம் எனக்காக நீ எதுவும் பேச வேண்டாம், என்னிடமும் எதுவும் பேச வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே இரு, தட்டுச் சத்தம் கேட்டால் போதும். நான் பாத்திரத்தோடு அந்த வளைவைத் தாண்டி நடக்கும்வரை போனை வைத்துவிடாதே. மலக்கியின் நாய் குரைத்ததும் நானே வைத்துவிடுகிறேன்.

உன் அம்மா,
ஊனா