சொல்லாமல் இறக்கிய சுருதி

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் ஆட்டோவில் வந்து உங்கள் கீபோர்டை என் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். "எங்க வீட்ல யாருக்கும் இத வாசிக்கத் தெரியாது சித்தி. நீங்களே வெச்சிக்கங்க" என்றாள். எனக்கும்தான் தெரியாது. வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு பையின் ஜிப்பைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று வந்தது. எலி ஒயரைக் கடித்துவிடும் என்று நாலு மூலைக்கும் நாலு உருண்டை போட்டு வைப்பீர்களே, அதே வாசம். மேடையில் உங்கள் பக்கத்தில் நின்று பத்து வருஷத்துக்கு மேல் நான் மூச்சு இழுத்ததெல்லாம் இந்த வாசத்தோடுதான்.

எனக்கு எழுத அவ்வளவாக வராது. அஞ்சாவதோடு நின்றவள். ஆனால் உங்களிடம் நான் கடைசியாகப் பேசியது ஒரு திட்டு. அதற்குப் பிறகு உங்களோடு ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. பேசலாம், பேசலாம் என்று இருந்தேன். நீங்கள் போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை நீங்கள் என் வீட்டுக்கு வந்தது மாவு வாங்க. திருப்பாதிரிப்புலியூரில் நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்திருந்த நேரம். கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தொண்டையைத் திறந்து பாடிக்கொண்டிருப்பேன். நீங்கள் தூக்குவாளியோடு வாசலில் நின்று, "ஏய், நிறுத்து" என்று கத்தினீர்கள். பயந்துபோய் வாயை மூடினேன். "உன்ன இல்லடி. கிரைண்டர நிறுத்து. நீ பாடு" என்றீர்கள். எனக்கு அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் ஜாக்கெட் தைக்கிற மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கட்டில் மேல் கீபோர்டை வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். ரிதம் பேடு அடிக்க ஆள் வேண்டும் என்றதும் என் கொழுந்தன் செல்வத்தைக் கூட்டிவந்தேன். எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகிற பையனுக்குத் தாளம் நன்றாக வரும், ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் கை ஓடும். நாலு நிமிஷப் பாட்டை மூணு நிமிஷத்தில் முடித்துவிட்டு நம்மைப் பார்ப்பான். "பஸ்ஸு போயிடுமா செல்வம்? மெதுவா அடி" என்பீர்கள். நாலாவதாகப் பரங்கிப்பேட்டையிலிருந்து கிடார் வாசிக்கிற பாய் வந்தார். வெளிநாட்டில் வேலை பார்த்தபோது அங்கே பொழுது போகாமல் கற்றுக்கொண்டேன் என்பார். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, டீ குடித்து, அப்புறம் அரை மணி நேரம் கம்பியை முறுக்கிக்கொண்டே இருப்பார். "பாய், இன்னைக்குப் பாடுவமா, இல்ல நாளைக்கா?" என்று நான் கேட்காத நாளில்லை. "இரும்மா, கம்பி சொல்பேச்சு கேக்கல" என்று சிரிப்பார்.

நம் குழுவுக்குப் பேர் வைக்க இரண்டு வருஷம் சண்டை போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? கடைசி வரைக்கும் வைக்கவில்லை. மைக் பிடிக்கிறவர் "கடலூரிலிருந்து வந்திருக்கும் இசைக் குழுவினர்" என்று சொல்லிவிட்டு நம்மைத் திரும்பிப் பார்ப்பார். நாம் நாலு பேரும் தலையை ஆட்டுவோம். வீட்டில் பழகிவிட்டு வருகிறோம் என்று நாலு பேரும் சொல்லுவோம், ஒருத்தரும் பழகியிருக்க மாட்டோம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எப்போதும் சரணத்தில்தான் வரும். மேடை கிடைத்தால் அங்கே வேறு கதை. பந்தி போட்டுவிட்டார்கள் என்றால் முன்னால் நாற்காலி மட்டும்தான் இருக்கும். "சவுண்ட கொறைங்கப்பா, பேச முடியல" என்று யாராவது மாமா வந்து சொல்வார். அவரே அரை மணி கழித்து வந்து, "நான் ஒரு பாட்டு பாடறேன், காலேஜ்ல பிரைஸ் வாங்கினது" என்பார். எல்லா மண்டபத்திலும் ஒரு மாமா இருந்தார்.

உங்கள் விரல் வெள்ளைக் கட்டையில் மட்டும்தான் போகும். மாதா கோயில் பாட்டுக் குழுவில் கற்றுக்கொண்டது. "கறுப்பு எனக்கு ஆவாதுடி" என்பீர்கள். வாசிக்கிற இடம் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றவும் இறக்கவும் ஒரு பொத்தான் அந்த மிஷினில் உண்டு. செல்வம் ஒரு பாட்டுப் பாடினால் அதை நாலு தடவை அமுக்குவீர்கள். அந்த மண்டபத்து மாமாக்களுக்கு எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. என் பாட்டுக்கு மட்டும் அந்தப் பொத்தான் பக்கம் கை போகாது என்று நான் நினைத்திருந்தேன். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. மழைப் பாட்டை முதல் தடவை பாடியபோது, "ஒண்ணுமே மாத்தாம பாடிட்டியே, பூஜ்யத்துலயே நிக்கிறியே" என்று தொடையைத் தட்டினீர்கள். அந்தப் பெருமையை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாற்பத்தெட்டு வயசில், மூட்டு வலியும் மூச்சு வாங்கலும் வந்த பிறகும், "எனக்கு இன்னும் அதே சுருதி" என்று மாவு வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்வேன். நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

அப்புறம் சிதம்பரம்.

காதுகுத்து விழா, மத்தியான நேரம். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கரண்ட் போனது. ஒரு நிமிஷம் ஃபேன் நின்று எல்லாரும் விசிறிக்கொண்டார்கள். ஜெனரேட்டர் போட்டதும் உங்கள் கீபோர்டில் விளக்கு எரிந்தது. "அந்த மழைப் பாட்டப் பாடும்மா, குழந்த அடங்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். நீங்கள் வாசிக்க ஆரம்பித்தீர்கள். முதல் வரி எப்படியோ போனது. இரண்டாவது வரி எட்டவில்லை. எக்கிப் பார்த்தேன். குரல் கிழிந்தது. பாய் இரண்டே வரியில் கிடாரிலிருந்து கையை எடுத்துவிட்டார். நடுவில் வருகிற வாசிப்பில் நீங்கள் குனிந்து ஏதோ அமுக்கினீர்கள். சுருதி தொபுக்கென்று கீழே விழுந்தது. நான் மேலே நின்றுகொண்டிருந்தேன். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் மேலும் கீழும் அலைந்தேன். குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. "அந்தம்மாவுக்கு யாராச்சும் சோடா குடுங்கப்பா" என்று ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

பந்தியில் உங்கள் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தேன். "ஏத்தி எறக்கி என்ன வெச்சி வெளையாடறீங்களா? இத்தன பேரு முன்னாடி சிரிக்க வுட்டுட்டீங்களே. என் கொரலு மேல உங்களுக்குப் பொறாமை. அது இப்பதான் தெரியுது எனக்கு" என்றேன். பாயும் செல்வமும் எதிர் வரிசையில் இருந்தார்கள். செல்வம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீங்கள் அவனைப் பார்த்தீர்கள், அவன் குனிந்துகொண்டான். "என் தப்புதான்டி. எங்கியோ கை பெசகிடுச்சு. சாப்பிடு" என்றீர்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பஸ்ஸில் தனியாக முன் சீட்டில் உட்கார்ந்தேன். பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற முட்லூரில் இறங்கும்போது பாய் என் சீட்டருகே நின்று, "அக்காகூடப் பேசும்மா" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடலூரில் இறங்கினபோது நீங்கள் கீபோர்டைத் தோளில் மாட்டத் தடுமாறினீர்கள். எப்போதும் ஒரு பக்கம் நான்தான் பிடிப்பேன். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் நீங்கள் மாவு வாங்க வந்தீர்கள். சத்தம் கேட்டு நான் உள்ளே போய்விட்டேன். என் வீட்டுக்காரர்தான் மாவு அள்ளிக் கொடுத்தார். "அவ இல்லியா தம்பி?" என்றீர்கள். "படுத்துருக்குது" என்றார். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றீர்கள். "இல்ல, அசதிதான்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீர் சத்தம் வெளியில் கேட்டிருக்கும். உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. "சரி, எழுந்தா நான் வந்தேன்னு சொல்லுங்க" என்று போனீர்கள்.

மூணு வாரத்தில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று செல்வம் வந்து சொன்னான். பெட்டியில் உங்கள் இரண்டு கையையும் சேர்த்து ஜெபமாலை சுற்றி, வெள்ளை உறை மாட்டி வைத்திருந்தார்கள். விரலைக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையில், கீபோர்டுக்கு அடியில், உங்கள் பாட்டு நோட்டு இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒவ்வொரு பாட்டின் முதல் வார்த்தை, பக்கத்தில் பாடுகிறவர் பேர், அதற்குப் பக்கத்தில் எண். மழைப் பாட்டில் என் பேருக்குப் பக்கத்தில் பூஜ்யம் எழுதி அடித்திருந்தீர்கள். அடுத்து ஒரு சின்னக் கோடு போட்டு ஒன்று, அதையும் அடித்திருந்தீர்கள். கோடு போட்டு இரண்டு, அதுவும் அடித்திருந்தது. கடைசியில் கோடு போட்டு மூன்று. புரட்டிப் பார்த்தேன். என் பாட்டெல்லாம் அப்படித்தான். ஒவ்வொன்றும் வேறு வேறு பேனா மை.

செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்தான்.

"அது எறக்கினது அண்ணி. உங்களுக்கு மேல போகல, அதனால வருஷத்துக்குக் கொஞ்சமா எறக்கிட்டே வந்தாங்க."

"எனக்குத் தெரியாமயா?"

"தெரியக் கூடாதுன்னுதான் அண்ணி. தெரிஞ்சா உங்க அண்ணி பாடாதுடா, வுட்டுடும்னு சொல்லுவாங்க. பாய்க்கும் தெரியும். உங்களுக்காகத்தான் அவுரு அரை மணி நேரம் கம்பிய எறக்கிட்டிருப்பாரு. நீங்க அவுரத் திட்டிட்டிருப்பீங்க."

"அப்ப சிதம்பரத்துல?"

"ஜெனரேட்டர் மாத்துனப்ப கீபோர்டு அணைஞ்சி எரிஞ்சுதுல்ல. அணைஞ்சா அது பூஜ்யத்துக்குப் போயிடும். அக்கா பாக்கல. அவுங்க ஏத்தல அண்ணி. அது நீங்க மொதல்ல பாடுன சுருதிதான்."

அக்கா, நான் பெருமை பேசிக்கொண்டு திரிந்த அதே சுருதியை, அந்த ஒரு நாள், மிஷின் எனக்கு அப்படியே கொடுத்தது. என்னால் இரண்டு வரி தாங்க முடியவில்லை. ஜெனரேட்டரால் வந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அடுத்த கேள்வியாக இறக்கி வைத்த கதை வெளியே வந்திருக்கும். அதற்காகத்தான் என் தப்பு என்றீர்கள். பொறாமைக்காரி என்ற பேரையும் வாங்கிக்கொண்டு என்னைச் சாப்பிடச் சொன்னீர்கள்.

அடுத்த மாதம் புவனகிரியில் ஒரு ரிசப்ஷன் ஒத்துக்கொண்டிருந்தோம் இல்லையா? கீபோர்டு வாசிக்க ஆள் இல்லாவிட்டால் போனில் வெறும் இசை ட்ராக் போட்டுக்கொள்ளலாம் என்றான் செல்வம். நேற்று என் வீட்டில் பழகினோம். பாயும் வந்திருந்தார். போனிலும் சுருதியை இறக்க முடியுமாம். "எவ்ளோ எறக்கணும் அண்ணி? மூணா, நாலா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. என் தொண்டையைப் பற்றி எனக்கே தெரியவில்லை. "அக்காவுக்கு எப்பிடிடா தெரிஞ்சுது?" என்றேன். பாய்தான் சொன்னார், "பஸ்ஸுல நீ பேசிட்டு வர்றதக் கேட்டே கண்டுபுடிச்சிடுவாங்கம்மா. இன்னைக்குச் சளி ஜாஸ்தி, இன்னைக்கு வீட்ல சண்ட போட்டுட்டு வந்துருக்குன்னு. நான் வந்ததும் எத்தன எறக்கணும்னு வெரலக் காட்டுவாங்க."

மூன்று இறக்கினான். எட்டவில்லை. நாலு இறக்கினான். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. அஞ்சு என்றபோது, "நிறுத்து செல்வம். வேற ஆளப் பாத்துக்கங்க" என்றேன். இரண்டு பேரும் மறுத்துப் பேசுவார்கள் என்று பார்த்தேன். செல்வம் போனை எடுத்துப் பையில் வைத்தான். பாய் கிடாரை உறையில் போட்டார். புவனகிரிக்கு ஒரு காலேஜ் பெண்ணைப் பேசியிருக்கிறார்கள் என்று இன்றைக்குக் காலையில் சொன்னார்கள். நல்லதுதான்.

என்னிடம் இனிமேல் பாட்டு இல்லை அக்கா. இருக்கிறது ஒரு பேச்சுதான். "அக்கா, எட்டல. கொஞ்சம் எறக்குங்க." சிதம்பரத்தில் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பி இதைச் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. யார் கேட்டால்தான் என்ன? சொல்ல ரோஷம் விடவில்லை, பழியைத் தூக்கி உங்கள் மேல் போட்டேன். இப்போது வாசலில் யாராவது "மாவு இருக்கா?" என்று கூப்பிட்டால், பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது அந்த நாலு வார்த்தைதான் முதலில் தொண்டையில் வந்து நிற்கிறது. அதை விழுங்கிவிட்டுத்தான் "தோ வரேன்" என்கிறேன்.