ஜெகனின் பழைய பேச்சு

ஞாயிறு, இரவு

சின்ன வயசில் இலங்கைச் சண்டைக்குத் தப்பி எங்கள் ஊர் அகதி முகாமுக்கு வந்த ஜெகன், அடுத்த மாசம் திரும்பிப் போகிறான். இன்று தியாகதுருகத்தில் இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, இலங்கையில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான்.

"வூட்டுக்கு வரேன்க்கா. இன்னா எடுத்துக்கினு வரட்டும்?"

"ஆர் கதைக்கிறது?" என்று கேட்டாள் அக்கா.

போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "வந்த புதுசுல நான் எப்டிடா பேசுவேன்?" என்றான்.

பள்ளிக்கூடத்தில் கரியாலூர் அருவிக்குக் கூட்டிப் போனபோது, "நல்ல வடிவாய்க் கிடக்கு" என்று நின்றுவிட்டான். பஸ்ஸில் திரும்பும்வரை நாங்கள் எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தோம். அதை ஞாபகப்படுத்தினேன்.

அவனும் சொல்லிப் பார்த்தான். எங்கள் ஊர்க்காரன் சொன்ன மாதிரியே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.