டேஷ்போர்டில் ஓர் எலுமிச்சம்பழம்

எலுமிச்சை வாசம் வந்தால் எனக்கு உன் காக்கிச்சட்டைதான் ஞாபகத்துக்கு வரும். நேற்றும் வந்தது.

உன் வருஷ நினைவு நாளுக்காக உன் ஊர் செண்பகனூருக்கு பஸ் ஏறியிருந்தேன். இருபத்தாறு வருஷம் இதே மலைப்பாதையில் வண்டி ஓட்டியவன், இப்போது பயணி. டம்டம் பாறை தாண்டியதும் வயிற்றைப் புரட்டியது. எனக்கு! ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டலாமா, மானத்தைக் காப்பாற்றலாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட்டு அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறினார்.

நீ கண்டக்டர், நான் டிரைவர். பதினோரு வருஷம் ஒரே வண்டி. வளைவில் யாராவது குமட்டினால் உன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் வரும். உதட்டருகே வைத்து ஏதோ முணுமுணுத்து, மூன்று தடவை ஊதிக் கொடுப்பாய். "மந்திரிச்சதும்மா. மோந்துக்கிட்டே வாங்க, வாயத் தொறக்கக் கூடாது." அவர்களும் ஊர் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பழங்களை வத்தலக்குண்டு சந்தையில் அன்று காலை வாங்கி வந்ததே நான்தான். யூனியன் கூட்டத்தில் மூடநம்பிக்கையைக் கிழிகிழியென்று கிழிக்கிற என் வண்டியிலேயே இந்தக் கூத்தா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் போட்டி வைத்தாய். "முன்பக்கம் உங்களுக்கு, பின்பக்கம் எனக்குண்ணே. நீங்க விளக்கம் குடுங்க, நான் பழம் குடுக்கிறேன்." வண்டியை எடுப்பதற்கு முன் முன்சீட்டுக்காரர்களுக்குக் காதுக்குள் இருக்கும் சமநிலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். பெருமாள்மலை வருவதற்குள் என் மாணவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வாந்தியெடுத்தார்கள். அதிகம் குலுங்கும் உன் பின்பக்கமோ கம்மென்று வந்தது. வண்டியைக் கழுவியவனும் நானே.

பிறகு அந்த ஐப்பசி மழை. ஊத்து ஸ்டாப்புக்கு மேலே ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கி, ஓரச்சுவரை ஒட்டிப் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என்னைத் தவிர. அந்த வளைவு வந்தாலே கை நடுங்கத் தொடங்கியது. எனக்கு வேறு தொழில் தெரியாது; இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில்கூடச் சொல்லவில்லை. இன்னொரு தடவை நடுங்கினால் நானே டிப்போவில் சொல்லி விலகிக்கொள்வது என்று முடிவு செய்திருந்த காலையில், கேட்காமலேயே தெரிந்துகொண்ட நீ டேஷ்போர்டில் ஒரு பழத்தை வைத்தாய்.

"இது வேற பழம்ணே. உங்களுக்குன்னே மந்திரிச்சது. உருண்டு விழுகாம மேல கொண்டு போங்க, போதும்."

"ஏலே, எங்கிட்டயேவா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் எடுத்து எறியவில்லை.

வளைவில் பழம் மெல்ல அசைந்தது. விழுந்துவிடக் கூடாதே என்று, பிள்ளை தூங்கும் தொட்டிலைத் தூக்கிப் போகிறவன் மாதிரி வண்டியைத் திருப்பினேன். பழம் விழவில்லை. வளைவு பின்னால் போய்விட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஓய்வு பெறும்வரை பழமில்லாமல் வண்டி எடுத்ததில்லை. கேட்டவர்களிடம் வாசனைக்காக என்று சொல்லி வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதுதான் அந்த மந்திரம் என்னவென்று கேட்டேன். நீ சிரித்தாய்.

"ஸ்டாப் பேருதாண்ணே. காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை... தெனமும் கத்துறது. வேற என்ன தெரியும் எனக்கு?"

எனக்கு வந்ததே கோபம். "ஏலே, இத்தன வருசமா என்னைய ஏமாத்திக்கிட்டா இருந்த?"

"நீங்கதான் நம்பவே இல்லையேண்ணே."

நேற்று அந்த அம்மாவிடம் பழத்தை வாங்கி, உதட்டருகே வைத்து, காட்ரோட்டில் தொடங்கினேன். ஊத்து வருவதற்குள் வயிறு அடங்கிவிட்டது. செண்பகனூர் என்று சொல்லி நிறுத்தினேன். நீ இல்லாத ஊரில் இறங்கப் போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மனசு உன்னை ரொம்பத் தேடுகிறது.

அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மந்திரம்ங்கய்யா அது? எம் மகளுக்கும் பஸ்சு ஒத்துக்காது. சொல்லிக் குடுங்களேன்."

பழத்தை மூன்று தடவை ஊதி அவரிடம் நீட்டினேன்.

"வெளிய சொன்னா பலிக்காதும்மா."