காபியில் கலந்தது

மார்ச் 4

லைனிங் துணி மறுபடியும் குறைகிறது. கடையில் தைப்பது நானும் தங்கச்சியும்தான், வேறு யார் எடுப்பார்கள்? கேட்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "ஒட்டுத் துணிக்கா இந்தக் கத்து கத்துற?" கத்தாமல் என்ன செய்வேன்?

ஒன்றே ஒன்று நிம்மதி. சுவருக்குள் யாரோ பேசுவதாக இப்போதெல்லாம் சொல்வதில்லை. மாத்திரையைத் துப்பிவிட்டு, மருந்தே வேண்டாம் என்று சாதித்தவள், தானாகவே தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். காலைக் காபியில் நான் மருந்து கலப்பது அவளுக்குத் தெரியாது. சொட்டு மருந்து, தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தெரியவும் வேண்டாம்.

மார்ச் 9

மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போனேன். "ஒழுங்கா சாப்பிடறாங்களா?" என்றார் டாக்டரம்மா. சாப்பிடறா. "மாதவிடாய் மாசாமாசம் வருதா?" கடையில் ஆள் காத்திருந்த அவசரம். அவளைக் கேட்காமலே, வருது என்றேன்.

மார்ச் 20

துணி எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. துவைக்க எடுத்த ரவிக்கைக்குள் இரண்டு வட்டத் துண்டுகள். ஓரம் மடித்து, நான் சொல்லிக்கொடுத்த அதே பொடித் தையல். ஈரமாக இருந்தன.

"என்னடி இது?"

"பால்."

வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்: "யாருடி அவன்?"

சீ, நான் எல்லாம் ஒரு அக்காவா! பரிசோதனைக் குச்சி வாங்கிவந்து பார்த்தோம். கர்ப்பம் இல்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 21

"அக்கா, என் குழந்தையை எங்க வெச்சிருக்க?"

ஆறு மாசமா தூரம் வரலையாம். இப்போ பால். அப்படின்னா புத்தி சரியில்லாம கிடந்தப்போ பெத்திருக்கணுமாம், நான் யாருக்கோ தூக்கிக் கொடுத்திருக்கணுமாம். "நான்தான் மருந்தே சாப்பிடறதில்லையே, வேற எப்படி பால் வரும்? நீயே சொல்லு." வியாதி திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 22

காபியில் கொஞ்சம் கூட்டி ஊற்றினேன்.

மார்ச் 29

பால் அதிகமாகிவிட்டது. இன்று எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே குழந்தை அழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன், காபி உட்பட.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "பால் வர்றது நிஜம். கொடுத்தது இந்த மருந்துதான். பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை மூளை பிடிச்சு வெச்சிருக்கும், இது அந்தப் பிடியைத் தளர்த்திடும். அதனாலதான் மாதவிடாயும் நின்னுடுச்சு. எல்லா மருந்தும் இப்படி இல்லை. சிலது எடையையும் சர்க்கரையையும் ஏத்தும், சிலது இந்த ஹார்மோனை அவ்வளவா தொடாது. அதனாலதான் போன தடவை கேட்டேன்."

வருது என்று சொன்னது நான்தானே.

"மருந்து சாப்பிடறதே அவங்களுக்குத் தெரியாதுன்னா, தன் உடம்புக்கு என்ன ஆச்சுன்னு அவங்க வேற எப்படிம்மா யோசிப்பாங்க?"

மார்ச் 30

அவள் யோசித்தது சரி. பாதியை மறைத்தது நான். அதற்குப் பைத்தியம் என்று பேர் வைத்ததும் நான். பாவி, பாவி — கூட்டி வேற ஊத்தினேனே.

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன். ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்போ பால் நிஜம்."

"நிஜம்டா."

"குழந்தை?"

"இல்லைடா."

அழுதாள். இல்லாத பிள்ளைக்கு அப்படி அழுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காபியிலயா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 3

டாக்டரம்மாவோடு அவளே தனியாகப் பேசினாள். கொஞ்சம் கொஞ்சமாக வேறு மருந்துக்கு மாற்றப்போகிறார்கள். மாத்திரை அட்டை அவள் பையில் இருக்கிறது. நான் தொடக் கூடாதாம். சரி என்றேன்.

மே 6

ரவிக்கைக்குள் துணி இல்லை.

ஜூன் 18

காலையில் குளியலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "அக்கா, கடைக்குப் போய் நாப்கின் வாங்கிட்டு வரியா?" ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடியதே இல்லை.

திரும்பி வந்தபோது, நான் இறக்கிவைத்திருந்த டிகாஷனில் அவளே காபி கலந்திருந்தாள். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். இரண்டு டம்ளரையும் என் முன்னால் வைத்தாள், ஏப்ரலிலிருந்து தினமும் வைப்பதுபோல.

"நீ ஒண்ணு எடுத்துக் குடி. மிச்சம் எனக்கு."

எடுத்துக் குடித்தேன். நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் குடித்தாள்.