முதலில் யார் பேசுவது

பாஸ்டன்,
பிப்ரவரி 1974

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெபசீலனின் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சிட்லபாக்கம் ஏரியில் தண்ணீர் நிற்கிறதா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு ஊர்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களை டெலிபோன் கம்பி வழியாகப் பேசவைப்பதுதானே என் ஆராய்ச்சி? நேற்று எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டினேன். இரண்டும் வாயே திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் முதலில் பேசட்டும் என்று இரண்டுக்குமே மரியாதை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! "உங்கள் வீட்டில் இப்படித்தானா?" என்று புரொபசர் சிரித்தார். அப்புறம் என்னால் உட்காரவே முடியவில்லை. பனியில் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

தாம்பரம் காலேஜ் வேலையை விட்டுவிட்டு வந்ததிலிருந்து அப்பா எனக்கு எழுதுவதில்லை. "அவனே மொதல்ல எழுதட்டும்" என்கிறாராமே. நானும் உங்களுக்கு மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரசப்பொடி அனுப்புங்கள். மார்கழியில் அப்பா கட்டிக்கொள்ளும் மப்ளரையும் அனுப்ப முடியுமா? இந்தக் குளிருக்கு அது போதாது, பரவாயில்லை.

நான் இங்கே பாடம் எடுக்கும் வகுப்பில் பையன்கள் காத்திருப்பார்கள், ஓட வேண்டும். காலையில் புரோகிராமை மாற்றிவிட்டேன். இனி என் பக்கம்தான் முதலில் பேசும்.

உள்ளே தனியாக மடித்திருக்கும் தாள் அப்பாவுக்கு. நீங்கள் பிரிக்காதீர்கள்.

உங்கள் மகன்,
ஜெபசீலன்