தலைக்காய் இல்லாத பதின்மூன்றாம் நாடு

மஞ்சு தவழும் மலை நீடு வாழ்க. மலையில் பிறக்கும் ஆறு வாழ்க. அந்த ஆறு போய்ச் சேரும் கடலும், கடலோரத்து மக்களும் உடன் வாழ்க.

ஏழு கொடுமுடிக்கு உரியவரும், பன்னிரு நாட்டுப் பலகையில் தோல்வி காணாதவரும், குடிகளின் வழக்கைக் குதிரையிலிருந்து இறங்கி நின்று கேட்பவருமான மஞ்சுமலை வேந்தர் எயினன் சேந்தனார் திருமுன்பு, அவருடைய பலகைநாயகம் ஆதன் கொற்றி, பதினொருதுறை நாட்டின் ஏழாம் துறையாகிய புன்னைத்துறையிலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை. தேவியார் நலமும், இளவரசியார் நலமும், அரண்மனைத் தோட்டத்து மாதுளையின் நலமும் கேட்கிறேன். என் நலம் ஓலையின் பிற்பகுதியில் வரும்.

இவ்வோலையை அவையில் உரக்கப் படிக்க வேண்டுகிறேன். அங்கே நிற்கும் படகுத் தலைவர் பலர் பலகை ஆடி அறியாதவர்கள்; அவர்கள்பொருட்டு வேந்தர் அறிந்ததையே சிறிது சொல்வேன், பொறுத்தருள்க. எந்த நாட்டோடு போரிடுவதானாலும் உறவு கொள்வதானாலும், அந்த நாட்டைப் பலகையில் ஏற்றி ஒரு திங்கள் ஆடிப் பார்த்த பிறகே முடிவு செய்வது நம் மலையின் வழக்கம். பலகையேறும் நாட்டுக்கு நான்கு பொருள் வேண்டும்: அரசரைக் குறிக்கும் தலைக்காய், அம்மக்களுக்கே உரிய குணம், பிறரிடம் இல்லாத படை, பிறர் கட்டாத கட்டடம். தலைக்காய் பிடிபட்டால் நாடு வீழ்ந்தது, ஆட்டம் முடிந்தது. கரும்பாழி நாட்டுக்கு யானை, வடமணல் நாட்டுக்கு ஒட்டகச்சாவடி என்று பன்னிரண்டு நாடுகளைப் பலகைநாயகங்களாக இருந்த என் முன்னோர் செதுக்கி வைத்தார்கள். பதின்மூன்றாவதைச் செதுக்கும் பேறு எனக்கு வாய்த்தது. அதில்தான் சறுக்கினேன்.

மலையில் உப்பு விளையாது. ஆற்றுமுகத்துத் துறைகள் நம்முடையவாகிவிட்டால் உப்புக்குப் பிறர் முகம் பார்க்க வேண்டியதில்லை என்று கருதி, பதினொருதுறை நாட்டைப் பலகையில் ஏற்றும்படி வேந்தர் ஆடித் திங்களில் பணித்தீர்கள். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் தம் அரசரை ஓடத்தில் ஏற்றி, வழிக்குச் சோறும் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, பதினொரு துறைகள் கூடி அமைத்துக்கொண்ட புதுநாடு அது. பழம்பெருமை இல்லை, கோட்டை இல்லை, பாடி வைத்த புகழ் இல்லை. நேற்று முளைத்த நாட்டுக்கு என்ன குணத்தைச் செதுக்குவது என்று உளியும் கையுமாகப் பல நாள் விழித்தேன். வந்து போகும் வணிகரைக் கேட்டால், அந்நாட்டின் தலைவர் இன்னார் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவர் ஓடக்காரியின் பெயரைச் சொன்னார், மற்றொருவர் கொல்லரின் பெயரைச் சொன்னார். கதை அளக்கிறார்கள் என்று எண்ணி எல்லாப் பெயரையும் தள்ளிவிட்டு, பெரிய துறையில் மணிமுடியோடு ஓர் அரசரை நானே செதுக்கி உட்கார வைத்தேன். வணிகர் அத்தனை பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை.

வேந்தர் அந்த ஆட்டத்தை நான்கே நாளில் வென்றீர்கள். பெரிய துறையில் ஒரே அடி, தலைக்காய் கையில், நாடு நம்முடையது. அதைக் கண்ட தண்டநாயகர் விடங்கனார் அறுபது படகு கட்டத் தொடங்கினார்; வெள்ளம் வடிந்து வரும் பௌர்ணமியன்று படை இறங்குவதாக நாளும் குறித்தார். முதற்படகுக்குத் தலைவன் என் மகன் நள்ளி.

இத்தனையும் ஆன பிறகே, செதுக்கிய நாட்டை அந்நாட்டாருக்கு ஒருமுறை முகங்காட்டி வர வேண்டும் என்ற பழைய முறைப்படி, பலகையை இரண்டு ஆள் சுமக்க நான் இங்கே வந்தேன். முறையை முன்பின்னாகச் செய்தது முதற்குற்றம். போர்ச் செய்தி எதையும் நான் சொல்லவில்லை. ஆனாலும் மலையிலிருந்து பலகை வந்தால் பின்னால் படகு வரும் என்பதை இவர்களும் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

வந்தவளுக்கு வஞ்சிரமும் சோறும் இட்டார்கள். பலகையை விரித்ததும் கூட்டம் கூடிவிட்டது. தம் துறைகள் மரத்தில் வந்திருப்பதைக் கண்டு மகிழாதவர் இல்லை. ஒரு கிழவர் தம் வீட்டு வாசலைத் தேடிக் கண்டுபிடித்து அதில் விரல் வைத்துக்கொண்டு எடுக்க மறுத்தார். முடி சூடிய தலைக்காயைப் பார்த்ததும், இவர் யார், எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தார்கள். உங்கள் அரசர் என்றேன். பொழுதெல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

இவ்வாண்டு இங்கே நாட்டை நடத்தும் முறையாளராக இருப்பவர் வெள்ளாத்தி என்னும் ஓடக்காரி. குடத்தில் ஓலையிட்டு எடுத்த பெயர். அரசரைப் போல அமர்வதற்கு அவருக்கு இருப்பது பலாமரத்து முக்காலி ஒன்று. அது எந்தத் துறையில் கிடக்கிறதோ அன்றைக்கு அதுவே தலைநகரம். முடியரசரை நீக்கி அவருடைய முகத்தையே தலைக்காயில் செதுக்குகிறேன் என்று வேண்டினேன். தை பிறந்தால் தாம் பழையபடி துடுப்புப் பிடிக்கப் போவதாகவும், தம் மூக்கை நான் செதுக்கி முடிப்பதற்குள் வேறொருவர் மூக்குக்கு வேலை வந்துவிடும் என்றும், வீணாக மரத்தைக் கெடுக்க வேண்டாம் என்றும் அவர் கூறினார். தனிப்படையாக எதை வைக்கலாம் என்று கேட்டபோது பதினொரு துறையாரும் பதினொரு விடை சொன்னார்கள். மூன்றாம் துறையார் தங்கள் நண்டுக் குழம்பைச் சொன்னார்கள். அதில் விளையாட்டில்லை, மனப்பூர்வமாகவே சொன்னார்கள்.

கட்டடத்தை மட்டும் நானே கண்டுகொண்டேன். அது ஒரு கொட்டகை. இரு துறைகளுக்குள் படகு நிறுத்தும் இடம்பற்றி வழக்கு வந்தால், தீரும்வரை இரு பக்கத்தாரும் அதைவிட்டு வெளியேறக் கூடாது. முதல் நாள் அவர்களுக்கு மீன் குழம்பு, இரண்டாம் நாள் கீரை, மூன்றாம் நாள் முதல் உப்பில்லாத கஞ்சி. நான் பார்த்த வழக்கு ஆறு நாள் ஓடியது. பேச்சைக் கேட்டால் தலை வலிக்கும். இவர்களின் குணம் சண்டை என்றே ஏட்டில் குறித்துக்கொண்டேன். ஆறாம் நாள் இரு பக்கத்தாரும் கஞ்சியைத் திட்டிக்கொண்டே ஒன்றாக வெளியே வந்தபோது, அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன். அத்தனை சண்டையிலும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை என்பதே நான் குறித்திருக்க வேண்டியது.

மறுநாள் வெள்ளாத்தியார் காய்ச்சலில் படுத்தார். ஒரு நாட்டின் தலைமை படுக்கையில் விழுந்தால் என்ன நேரும் என்பதை அருகிலிருந்து பார்க்கும் ஆவல் எனக்கு. அரண்மனையில் பிறந்த புத்தி வேறு எப்படிப் போகும். குழப்பத்தை எதிர்பார்த்துக் கரையில் உட்கார்ந்திருந்தேன். உச்சிப்பொழுதில் ஒரு படகு வந்தது. அதில் அந்த முக்காலியை ஏற்றினார்கள்; நானும் உடன் ஏறிக்கொண்டேன். குடத்தில் இரண்டாவதாக வந்த பெயர் அழிசி, ஐந்தாம் துறையில் படகுக்குப் பிசின் பூசுகிறவர். அவர் கையைக் கழுவிக்கொண்டு முக்காலியில் அமர்ந்தார். சந்தை வழக்கமான நேரத்தில் கூடியது. உப்பங்கழியில் மடை வழக்கமான நேரத்தில் திறந்தது. வேந்தே, நான் அதுவரை கண்டதிலேயே வியப்பான காட்சி அது, அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அன்றே முடி சூடிய காயை எடுத்துவிட்டு, அவர்கள் வழியில் பலகையைத் திருத்தி, சில நாளில் காய்ச்சல் தெளிந்ததும் வெள்ளாத்தியாரையும் அழிசியாரையும் எதிரே அமர்த்தி ஆடினேன். மஞ்சுமலை என் பக்கம். தண்டநாயகரின் திட்டத்தையே ஒரு காய் மாறாமல் பின்பற்றினேன். இரண்டாம் நாள் பெரிய துறை என் கையில். ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தேன். அழிசியார் மரியாதையாக, தாங்கள் பிடித்தது யாரை என்று கேட்டுவிட்டு, நான்காம் துறையில் தம் காயை நகர்த்தினார். விடாமல் பிடித்தேன். எட்டாம் நாளில் ஆறு துறைகள் என்னிடம் இருந்தன. ஆறிலும் ஆள் இல்லை. மக்கள் படகேறிப் போயிருந்தார்கள். போகும்போது மடையைத் திறந்து உப்புப் பாத்திகளில் நீரை விட்டிருந்தார்கள். எந்த உப்புக்காக இறங்கினேனோ அது கரைந்து போயிற்று. காவலுக்கு நிறுத்திய என் வீரர்கள் ஆறு இடத்தில் பிரிந்து பசியோடு நின்றார்கள். ஒன்பதாம் நாள் ஆற்றுமுகத்தை அடைத்து என் முதற்படகை மூழ்கடித்தார்கள்.

பலகை விதிப்படி மூழ்கிய காயை ஆடுபவரே எடுத்து ஓரத்தில் வைக்க வேண்டும். விரற்கடை உயரமுள்ள புங்கமரத் துண்டு. நானே செதுக்கியது. அதை எடுக்க என் கை வரவில்லை. வெள்ளாத்தியார் காயையும் என் முகத்தையும் பார்த்தார். அதில் இருப்பவர் தங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். விடைக்குக் காத்திராமல் அவர் அந்தக் காயை எடுத்து நனையாத கரையில் நிறுத்தினார். அது விதிக்கு மாறானது, திருத்துங்கள் என்றேன். கொட்டகையில் ஆறு நாள் பேசித்தான் திருத்த முடியும் என்றும், கஞ்சிக்கு நான் ஆயத்தமா என்றும் கேட்டார். என் வாய் காத்த போர்ச் செய்தியை இப்படி என் முகம் சொல்லிவிட்டது. அதற்குரிய தண்டத்தை ஏற்கிறேன்.

என் நலத்தைப் பிற்பகுதியில் சொல்வதாக எழுதினேன். நலமில்லை. மகன் முதற்படகில் இருப்பதால் தாய் அஞ்சி எழுதுகிறாள் என்று விடங்கனார் அவையில் சொல்லக்கூடும். அஞ்சித்தான் எழுதுகிறேன். ஆனால் பலகையில் நான் பிழை செய்தபோது அச்சம் இல்லாமல் இருந்தேன் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கட்டும். அறுபது படகில் ஏறுகிறவர்கள் அனைவரும் என் உளி செய்த பொய்யை நம்பி ஏறுகிறார்கள். இல்லாத ஓர் அரசரைப் பிடிப்பதற்கு அவர்களில் ஒருவரும் சாக வேண்டியதில்லை.

ஆகையால், வேந்தர் முடி சூடிய நாளில் பலகைமேல் கை வைத்துச் செய்த சூளுரையை நினைவூட்டுகிறேன். பலகையில் பிழை என்று பலகைநாயகம் அறிவித்தால், அரசரே ஆனாலும் காயிலிருந்து கையை எடுக்க வேண்டும். பிழை தீரும்வரை ஒரு காயும் நகரக் கூடாது, ஒரு படகும் அவிழக் கூடாது. என் குடியில் ஏழு தலைமுறையாக யாரும் இவ்வுரிமையை எடுத்து ஆண்டதில்லை. இன்று நான் ஆள்கிறேன். பிழை தீர ஒரே வழி, வேந்தர் தாமே இங்கு வந்து கொட்டகையில் அமர்ந்து இவர்களோடு ஓர் ஆட்டம் ஆடுவது. உப்பைப்பற்றியும் அங்கேயே பேசலாம்; இவர்கள் பேச அஞ்சாதவர்கள். வரும்போது மலை நெல்லிக்காய் ஊறுகாய் கொண்டு வருக; மூன்றாம் நாளிலிருந்து அது பயன்படும்.

ஓலையோடு ஒரு பேழையும் அனுப்பியுள்ளேன். பதினொருதுறை நாட்டின் தலைக்காயைத் திருத்திச் செய்து அதில் வைத்திருப்பதாகக் கொள்க. விடங்கனார் கையாலேயே அவை நடுவில் அதைத் திறக்கச் செய்க. உள்ளே ஒன்றும் இருக்காது. அதைப் பிடித்துக் காட்ட அவரால் இயலுமானால் படை இறங்கட்டும்.

இது பலகைநாயகம் ஆதன் கொற்றியின் கையெழுத்து. இது ஏழு தலைமுறை உளிமுத்திரை. ஓலை கொண்டு வருபவர் ஆற்றுவழி ஐந்து நாளில் வருவார், அவருக்கு உணவும் ஓய்வும் தருக. பௌர்ணமிக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

பலகையில் பிழை. வேந்தர் கையை எடுக்க.