பெரிய சிஸ்டர் அன்பாகப் பேசிய நாள்

நேற்றுக் கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு பை. பைக்குள் பிரட் பாக்கெட், அதன் மேல் ஆரஞ்சுப் பழம். வெயிலில் இரண்டு வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறியது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவேன், அது ஆஸ்பத்திரிக்குப் போகிற வாசனை. யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க சின்ன மாமனாரு படுத்திருக்காரு அண்ணாச்சி. போய்ப் பாக்கலேன்னா நாளைக்கு ஒரு பேச்சு வரும்லா?" என்றார்.

உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, சிஸ்டர். அந்த அம்மா இறங்கும்வரை உங்கள் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். இதிலும் அங்கங்கே கூடிப்போகும். உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். எட்டாம் வகுப்பு வாத்தியார் என் அறிவைப் பார்த்துவிட்டு, "உனக்குச் சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணும் இல்லை" என்று அனுப்பிவைத்துவிட்டார். அதன் பிறகு எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் தரகு. சந்தையின் ஒரு முனையில் நான் விலை சொன்னால் மறுமுனையில் நிற்கிற கிடாய் திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்ட குரலை ஒரே ஒரு வார்த்தையில் அடக்கிய ஆள் இந்தக் கரிசல் சீமையில் நீங்கள் ஒருவர்தான்.

என் தங்கச்சி மகள் செல்வி, நர்ஸ் படிப்பை முடித்து கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில் நீங்கள் தலைமை நர்ஸாக இருந்த ஆண்கள் வார்டில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் தரையில் நடக்கவில்லை. "டாக்டருக்கு அடுத்தது என் மருமகதான்" என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன். இரண்டு கடையில் டாக்டருக்கு மேலே என்றும் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் தங்கித்தான் அவள் வேலைக்கு வந்தாள். தினமும் ராத்திரி சாப்பிடும்போது அன்றைய செய்தி வாசிப்பாள். செய்தி முழுக்க நீங்கள்தான்.

டிரிப் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வந்தவரிடம், "எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டீர்களாம். ஊசி போடக் கை நடுங்கிய புதுப் பிள்ளையிடம், "காலேஜ்ல இதத்தான் படிச்சியா, இல்ல கோலம் போடப் படிச்சியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்களாம். நீங்கள் வருகிறீர்கள் என்றால் புதுப் பிள்ளைகள் எல்லாம் சுவரை ஒட்டி நடக்குமாம். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளுக்குள் பெரிய விவாதம் நடக்குமாம்: பெரிய சிஸ்டர் பிறக்கும்போதே இப்படியா, இல்லை இந்த வேலை இப்படி ஆக்கிவிட்டதா? செல்வி முதல் கட்சி. நானும் அவள் கட்சிதான். பார்க்காத ஆளைப் பற்றி முடிவு சொல்வதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வந்தவள், தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"என்னட்டி, இன்னைக்கும் திட்டினாவளா?"

"அவிய திட்டுதது பழகிப் போச்சு மாமா. இன்னைக்கு நான் திட்டிட்டேன்."

கடைசிக் கட்டிலில் ஒரு தாத்தா. தண்ணீர் கேட்டிருக்கிறார். வருகிறேன் என்று போனவள், வேலை மேல் வேலையாக மறந்துவிட்டாள். அவர் மறுபடி கேட்டிருக்கிறார். மறுபடியும் கேட்டபோது, "உமக்கு ஒருத்தருக்கு மட்டுந்தான் நான் சம்பளம் வாங்குதேனா?" என்று இவள் கத்திவிட்டாள்.

"அது பெரிய சிஸ்டரோட வார்த்தை மாமா. அவிய குரல்லயே வந்துச்சு. தாத்தா கையில இருந்த டம்ளரைப் போர்வைக்குள்ள ஒளிச்சுக்கிட்டாரு."

நான் ஏதோ சொல்லித் தேற்றப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. "சேர்ந்து அஞ்சு மாசந்தான் ஆகுது. இன்னும் அஞ்சு வருசத்துல நானும் அவியளாவே ஆயிருவேன். பயமா இருக்கு மாமா. மாசக் கடைசியோட நின்னுருதேன். மெயின் ரோட்டு நகைக்கடையில ஆள் எடுக்காவ" என்றாள்.

ஊசி பிடிக்கப் படித்த கை, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று கம்மல் எடுத்துக் காட்டுவதா? விடக்கூடாது என்று முடிவு செய்தேன். மறுநாள், கலெக்டரைப் பார்க்கப் போகும்போது போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு (கலெக்டரை நான் பார்த்தது தேர் பார்க்கிற தூரத்தில்தான், ஆனால் சட்டை அதுதான்) சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு உங்களோடு சண்டை போட வந்தேன். அமைச்சர் ஒருவர் என்னோடு கோலி விளையாடியவர் என்று ஆரம்பிப்பதாகத் திட்டம்.

உள்ளே வந்தால், சிஸ்டர், அது வார்டா, தீபாவளிக்கு முந்தின சந்தையா? ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஒரு குடும்பம். கட்டிலுக்கு மேலே நாலு பேர், கட்டிலுக்கு அடியில் பிள்ளைகள். ஒரு பெரியவர் தான் உட்காருவதற்காக டிரிப் ஏறுகிற குழாயை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஆளைப் பார்க்க ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அத்தனை பேரும் வரிசையாக உங்களிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எப்ப வீட்டுக்கு விடுவாவ? என்ன சாப்பிடக் கொடுக்கலாம்? உசுருக்கு ஒண்ணும் இல்லையே? நீங்கள் மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தீர்கள். ஒருவர் வந்தார். மூடினீர்கள். திரும்பத் திறந்தீர்கள். இன்னொருவர். நான் நின்று பார்த்த நேரம் முழுக்க ஒரு வாய்த் தண்ணீர் உங்கள் தொண்டையில் இறங்கவில்லை. கொரோனா முடிந்து பாதிப் பேர் வேலையை விட்டுப் போனபின், நீங்களும் இந்தப் புதுப் பிள்ளைகளும்தான் அங்கே மிச்சம்.

நான் வாயைத் திறந்தேன்.

"வெளியே!" என்றீர்கள்.

என் கால் என்னைக் கேட்காமலேயே வாசலுக்கு வந்துவிட்டது.

வாசல் வேப்பமரத்தடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் முனகிக்கொண்டே வந்தார். "அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தேன். ஒரு வார்த்தை சொல்லல, நர்சம்மா வெரட்டிட்டா. ஊருல போயி நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. நம் பக்கத்தில் படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போகாவிட்டால் பகை. போய்விட்டு வந்தால், ஊரில் சொல்வதற்கு ஒரு விவரம் வேண்டும். அந்த விவரத்துக்காகத்தான் அத்தனை பேரும் உங்களை மொய்த்தார்கள். உங்களிடம் நேரமும் இல்லை, கதையும் இல்லை. என்னிடம் இரண்டும் மூட்டை மூட்டையாக இருந்தது.

மறுநாள் முதல் சந்தை இல்லாத சாயங்காலமெல்லாம் மரத்தடி எனக்கு. துணைக்கு இருப்பவர்களிடம் விவரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வேன். கூட்டமாக வருபவர்களை மரத்தடியிலேயே மடக்குவேன்.

"யாரைப் பாக்க வந்திய? சன்னலோரக் கட்டிலா? அவருக்குக் கிட்னில கல்லு. சின்னக் கல்லா? பனங்காய் அளவு! பெரிய டாக்டரே பாத்துட்டு அசந்து உக்காந்துட்டாரு. இப்பந்தான் கண்ணசந்திருக்காரு, எழுப்பக்கூடாது. வீட்டுக்கு ரெண்டு பேரு மட்டும் உள்ள போங்க. மத்தவிய வந்தத நானே சொல்லிருதேன். பழத்த இங்கன வைங்க."

எல்லாரும் முகம் மலர்ந்து வேனில் ஏறிப் போனார்கள். பனங்காய் அளவுக் கல்லைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போகிறவனுக்கு வேறென்ன குறை?

இரண்டு வாரம் போயிருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நீங்களே வெளியே வந்தீர்கள்.

"யாரு உம்மை இங்கன உக்காரச் சொன்னது?"

"நானாத்தான் சிஸ்டர்."

"கடுகு மாதிரிக் கல்லைப் பனங்காய்னு சொன்னீராமே? அந்த ஆளு பெண்டாட்டி எங்கிட்ட வந்து, அதை ஒரு பையில போட்டுத் தாங்கன்னு நிக்கா!"

"கடுகுன்னு சொன்னா உள்ள வந்து உங்களைத்தான் கேப்பாவ சிஸ்டர். பனங்காய்னா திருப்தியாப் போயிருதாவ."

என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். உள்ளே போனீர்கள். கொஞ்ச நேரத்தில் வார்டிலிருந்து ஒரு இரும்பு ஸ்டூல் வந்தது. கொண்டுவந்த ஆள், "பெரிய சிஸ்டர் உங்களை இதுல உக்காரச் சொன்னாவ. நோய் பேரை மட்டும் மாத்திச் சொல்லக்கூடாதாம்" என்றான். எனக்குப் பட்டம் கட்டிய மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி செல்வி வாசித்த செய்தி இது: "மாமா, இன்னைக்குப் பெரிய சிஸ்டர் ஒரு பாட்டில் தண்ணிய முழுசாக் குடிச்சாவ."

வார்டில் சத்தம் குறைந்ததும் செல்விக்கும் நிற்க நேரம் கிடைத்தது. அந்தக் கடைசிக் கட்டில் தாத்தாவிடம் திரும்பிப் போய், "அன்னைக்குக் கத்திட்டேன் தாத்தா, தப்பு. இந்தாங்க தண்ணி" என்று டம்ளரை நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நீங்கள் அதைப் பார்த்தபடி நின்றுவிட்டீர்களாம்.

"என்ன சிஸ்டர்?" என்று பயந்துபோய்க் கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணுமில்லட்டி. இப்படித் திரும்பிப் போயி மன்னிப்புக் கேக்கலாம்ங்கறதே எனக்கு மறந்து போச்சு" என்றீர்களாம்.

அவள் இதை என்னிடம் சொன்னபோதும் நகைக்கடைப் பேச்சு முடியவில்லை. மாசக் கடைசிக்கு ஒரு வாரம் பாக்கி இருந்தது.

அந்த வாரத்தில்தான் நீங்கள் அன்பாகப் பேசித் தொலைத்தீர்கள்.

ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வந்த உளுந்து விதைக்கிற சம்சாரி ஒருவர், சர்க்கரையால் காலில் புண்ணோடு படுத்திருந்தார். காலையில் யாருக்கும் தெரியாமல் அவர் கருப்பட்டிக் காப்பி குடித்ததற்காக வார்டு அதிரத் திட்டியிருந்தீர்கள். மத்தியானம் அவர் கட்டிலுக்குத் திரும்பிப் போனீர்கள். மெதுவான குரலில், "காலையில சத்தம் போட்டுட்டேன் அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதீங்க. வலி எப்படி இருக்கு?" என்று கேட்டு, போர்வையை இழுத்து நெஞ்சுவரை மூடிவிட்டீர்கள்.

சம்சாரிக்கு வேர்த்துவிட்டது. நீங்கள் அந்தப் பக்கம் போனதும் மகனுக்குப் போன் போட்டார். "ஏலே, எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே வாலே. எனக்கு நாள் குறிச்சிட்டாவ. பெரிய சிஸ்டர் எங்கிட்ட மன்னிப்புக் கேக்குதாவ. போர்வைய வேற இழுத்து மூடுதாவ!"

சாயங்காலம் ஒரு லோடு ஆட்டோ நிறைய ஆட்கள் அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். மரத்தடியில் என் கதை எதுவும் எடுபடவில்லை. அவர்களோடு நானும் உள்ளே ஓடினேன். அங்கே சம்சாரி, "தெக்குக் காடு மூத்தவனுக்கு, ஓடைக்கரைக் காடு சின்னவனுக்கு" என்று பாகம் பிரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் பக்கத்தில் நின்று, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, புண்ணு ஆறிட்டு வருது" என்று இன்னும் தணிந்த குரலில் சொன்னீர்கள். அதைக் கேட்டு அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நீங்கள் தணியத் தணிய அழுகை ஏறியது. உங்கள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன், சிஸ்டர். என்ன செய்வதென்று தெரியாத முகம். புதுப் பிள்ளைகளின் முகம்.

செல்வி உங்கள் காதருகில் வந்தாள். "சிஸ்டர், திட்டுங்க" என்றாள்.

நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். ஒரு மூச்சு இழுத்தீர்கள்.

"யோவ்! காட்டைப் பிரிக்கிற மூஞ்சியப் பாரு! கருப்பட்டிக் காப்பியத் திருட்டுத்தனமாக் குடிச்சுப்போட்டு இங்கன நாடகமா ஆடுதீரு? நாளைக்குக் காலையில எந்திரிச்சு நடக்கல, நானே உம்மை ஆட்டோவுல ஏத்திவிட்டுருவேன்! எல்லாரும் வெளிய போங்க!"

சம்சாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது. "அழாதட்டி, திட்டுதாவ. நான் பிழைச்சேன்" என்றார் மனைவியிடம். பிறகு மகன் பக்கம் திரும்பி, "ஏலே, ரெண்டு இட்லி வாங்கிட்டு வா. ஓடைக்கரைக் காட்டைப் பத்திப் பொறவு பேசிக்கிடலாம்" என்றார்.

அப்போது நீங்கள் சிரித்தீர்கள். செல்வியும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பார்த்தீர்கள், முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் செல்வி, ரயில்வே கேட் பக்கத்தில் வந்ததும், "நகைக்கடையில நீங்களே போயிச் சொல்லிருங்க மாமா, நான் வரலேன்னு" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் கேள்வி கேட்காமல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

அதன் பிறகு நீங்கள் தேவதையாகிவிட்டீர்கள் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். திட்டினீர்கள். ஆனால் திரும்பிப் போனீர்கள். போர்வையை மட்டும் தொடவில்லை. மேலதிகாரிகளோடு சண்டை போட்டு வாசலுக்கு ஒரு காவலாளியை வாங்கினீர்கள். கட்டிலுக்கு இரண்டு பேர் என்று போர்டு வைத்தீர்கள். அந்தக் காவலாளிக்கு என் குரலில் கால்வாசிகூட இல்லை, இருந்தாலும் சமாளிக்கிறான். புதிதாக நாலைந்து பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்தன. நீங்கள் ஓய்வு பெற்ற அன்று, கோலம் போடப் படித்தாயா என்று கேட்டீர்களே, அந்தப் பிள்ளைதான் எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். போன ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று செல்வி போனில் சொன்னபோது நான் சந்தையில் நின்றுகொண்டிருந்தேன். அன்று விலை சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

இப்போது அந்த வார்டில் ஒரு ஷிப்டுக்குச் செல்விதான் பொறுப்பு. அவளும் சில நாள் கத்துகிறாள். அந்த நாட்களில் வீட்டுக்கு வரத் தாமதமாகும், யாரிடமோ திரும்பிப் போயிருக்கிறாள் என்று நானே தெரிந்துகொள்வேன். போன வாரம், முன்பு அங்கே படுத்திருந்த ஒருவர் மறுபடியும் வந்திருக்கிறார். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ அந்தப் பெரிய சிஸ்டர் மாதிரியே இருக்க தாயி" என்று சொன்னாராம். இதை அவள் என்னிடம் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டாள்.

நான் எதைச் சொன்னாலும் கொஞ்சம் கூட்டாமல் சொன்னதில்லை, சிஸ்டர். ஆனால் நீங்கள் அன்று சிரித்த சிரிப்பு அப்படியே இருக்கிறது. அது பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை. புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, மறு கையால் கட்டில் கம்பியைப் பிடித்தபடி, தோள் குலுங்க நின்றீர்கள். கண்ணில் கொஞ்சம் நீர். அவ்வளவுதான். எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், இந்த அளவில்தான் சொல்கிறேன். கூட்டிச் சொல்ல இதுவரை தோன்றவில்லை.